பாய்சன், விஷம், நஞ்சு: கிட்டங்கிக் கதவில் எதை எழுதுவது?

திருமங்கலம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறீர்கள். பூச்சிமருந்து அடுக்கியிருக்கும் கிட்டங்கிக் கதவில் ஓர் எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும். டப்பாவில் ஆங்கிலத்தில் ‘பாய்சன்’ என்று இருப்பதை ‘விஷம்’ என்று எழுதலாம் என்று நினைத்தீர்கள். கூட இருக்கும் நண்பர், அது வடமொழி, ‘நஞ்சு’ என்று எழுது என்கிறார். இதற்கு நடுவில் ‘பாய்சன்’ என்றால் ஆதியில் ‘குடிக்கிற பானம்’ என்றுதான் பொருளாம், அது நிஜமா என்றும் கேட்கிறீர்கள். பார்க்க மூன்று கேள்வி மாதிரி இருக்கிறது. எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. ஆளைக் கொல்லும் பொருளுக்கு ஜனங்கள் வாயில் என்ன பெயர் வருகிறது, ஏன் அந்தப் பெயர் வருகிறது? அது தெரிந்தால் பலகையில் எழுத வேண்டிய சொல்லும் தெரிந்துவிடும்.

நான் 31 வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், பெரும்பாலும் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில். அதற்கு முன்பு, பையனாக இருந்த காலம் முழுக்க, மதுரை கீழமாசி வீதியில் அப்பாவின் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் மடித்தவன். அதனால் தமிழ்ச் சொற்களைப் பற்றிச் சொல்வதற்கு நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன். லத்தீனும் பிரெஞ்சும் கிரேக்கமும் எனக்குப் படிக்க வராது. அகராதிகள் வழியாகத்தான் பழக்கம். அகராதிகள் ஒரே குரலில் சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். அவை தயங்குகிற இடத்தில் தயங்குகின்றன என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பானம். நீங்கள் படித்தது சரிதான். லத்தீனில் ‘போட்டாரே’ என்றால் குடிப்பது. அதிலிருந்து வந்த ‘போட்டியோ’ என்றால் குடிப்பது, குடிக்கிற பொருள், ஒரு மிடறு. அந்தச் சொல் பழைய பிரெஞ்சுக்குள் போய்த் தேய்ந்து ‘பாய்சன்’ வடிவம் எடுத்தது. அங்கே அதற்குப் பானம், வைத்தியர் கலக்கிக் கொடுக்கும் குடிநீர், மந்திரவாதி ஓதிக் கொடுக்கும் தண்ணீர் என்று எல்லாப் பொருளும் இருந்தன. ஆங்கிலத்துக்கு அது கி.பி. 1200 வாக்கில் வந்து சேர்ந்தபோது கொல்லும் பொருள் மட்டும் மேலே நின்றது. அப்புறம் அதே லத்தீன் சொல்லை, தேயாத வடிவத்தில், ஆங்கிலேயர்கள் இன்னொரு தடவை கடன் வாங்கினார்கள். அதுதான் ‘போஷன்’, மருந்துக் குடிநீர். ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று வைத்தியராகவும் ஒன்று கொலைகாரனாகவும் ஆனது மாதிரி. நம்மிடமும் இப்படி இரட்டைகள் உண்டு. ‘பிக்ஷா’ என்ற ஒரே வடசொல்தான் ‘பிச்சை’ என்றும் வந்தது, ‘பிட்சை’ என்றும் வந்தது. துறவிக்கு இடுவது பிட்சை, கோயில் வாசலில் கேட்பது பிச்சை. பிறப்பு ஒன்று, மரியாதை வேறு வேறு.

பானத்துக்குப் போய்க் கொலைப் பொருள் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தோன்றும். அதை விளக்க நான் ரோமாபுரிக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் கடைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் யாராவது ‘ரெண்டு லிட்டர் விஷம் குடுங்க’ என்று கேட்டிருக்கிறார்களா? ‘நஞ்சு இருக்கா’ என்று கேட்டிருக்கிறார்களா? ‘மருந்து’ என்றுதான் கேட்பார்கள். பூச்சிமருந்து, எலிமருந்து, எறும்பு மருந்து. வயலில் தெளித்தால் ‘மருந்து அடிச்சோம்’. யாராவது மனம் உடைந்து விபரீதமான முடிவு எடுத்துவிட்டால் ஊரில் அதைக் காதோடு காதாகச் சொல்லும்போதும் அதே சொல்தான்: ‘மருந்தக் குடிச்சிருச்சு’. கேட்கிறவர்கள் யாரும் ‘என்ன வியாதிக்கு?’ என்று கேட்பதில்லை. காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, உயிரை எடுப்பதும் மருந்து. ‘போட்டியோ’ நடந்த அதே பாதையில் நம் ‘மருந்து’ நம் கண் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது.

இந்தச் சொல் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வந்திருக்கிறது என்று பாருங்கள். விருந்தாளி வாசலில் இருக்கும்போது ‘சாவா மருந்து’ கிடைத்தாலும் தனியாகச் சாப்பிடாதே என்கிறது 82ஆம் குறள். அங்கே மருந்து என்றால் அமிழ்தம், சாகாமல் காப்பது. அந்தச் சொல்லைத்தான் இன்றைக்குச் சாவுச் செய்திக்குப் பயன்படுத்துகிறோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்று எனக்குப் புரிந்த ஒரு நாள் உண்டு. 1990களின் தொடக்கம். என் வகுப்புப் பையன் ஒருவனுடைய அண்ணன் பருத்திக்காட்டில் வெயில் நேரத்தில், வாயில் துணிகூடக் கட்டாமல், மருந்து அடித்துவிட்டு வரப்பிலேயே சுருண்டு விழுந்துவிட்டான். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த காடு. நானும் அவனுடைய அப்பாவும் ஒரு வண்டியைப் பிடித்துப் பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வாசலில் இருந்த நர்ஸம்மா வேறு ஊர்க்காரர், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அப்பா சொன்னார்: ‘மருந்து ஏறிருச்சும்மா.’ அந்தம்மா கேட்டார்: ‘என்ன மருந்து? எந்த டாக்டர் எழுதினது? சீட்டு இருக்கா?’ அப்பாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. ‘மருந்துதாம்மா’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பையனுக்கு வாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. நான் பேயறைந்த மாதிரி நின்றேன். எனக்கே வாயில் சொல் வர நேரமாயிற்று. ‘பருத்திக்கு அடிக்கிறது, விஷம்’ என்று கத்திய பிறகுதான் ஸ்ட்ரெச்சர் வந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் ஐந்தாறு நிமிடம் ஒரே ஒரு சொல்லில் போனது. ‘மருந்து’ என்ற சொல்லைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு அதுதான் காரணம்.

இதே சிக்கல் ரோமானியர்களுக்கும் இருந்தது என்று பிற்பாடு படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. லத்தீனில் ‘வெனேனும்’ என்று ஒரு சொல். அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் பாம்பு, தேள் விஷத்துக்குச் சொல்லும் ‘வெனம்’ வந்தது. ஆனால் லத்தீனில் அது கொல்லும் சரக்குக்கும் பெயர், குணமாக்கும் சரக்குக்கும் பெயர். கி.பி. 2ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயுஸ் எழுதி வைத்திருக்கிறார்: ‘வெனேனும்’ என்று சொல்கிறவர் நல்லதா கெட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்துகளும் வெனேனும்தான். ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் பட்ட அவஸ்தைக்கு 1800 வருடத்துக்கு முன்பே சட்டம் எழுதியிருக்கிறார்கள். கிரேக்கத்திலும் ‘ஃபார்மகோன்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் உண்டு. இன்றைக்கு மருந்துக்கடையை ஃபார்மசி என்கிறோமே, அதன் மூலம் அதுதான்.

வெனேனும் என்ற சொல்லின் பிறப்பு இன்னும் விசேஷமானது. ஆசை, காதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து அது வந்திருக்கும், வீனஸ் என்ற காதல் தெய்வத்தின் பெயரும் அதே வேர்தான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. முதலில் காதல் வசியத்துக்குக் கலக்கிக் கொடுத்த சரக்கு; அப்புறம் எந்தச் சரக்கும்; அப்புறம் கொல்லும் சரக்கு. இதை ‘போட்டியோ’ கதை மாதிரி முழு உறுதியாகச் சொல்ல முடியாது. நல்ல வாய்ப்புள்ள ஊகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் இதற்கு நேர் உறவான பேச்சு ஒன்று உண்டு. ஒரு ஆண்பிள்ளை திடீரென்று பெண்டாட்டி சொல்வதையே கேட்க ஆரம்பித்தால் ‘அவ மருந்து வச்சுட்டா’ என்பார்கள். இடுமருந்து, கைமருந்து என்றெல்லாம் அதற்குப் பெயர். அதை ‘எடுத்துவிட’ ஆள் தேடிப் போவார்கள். அப்பாவின் கடைக்கு இடுமருந்துக்குச் சரக்கு கேட்டும் வருவார்கள், இடுமருந்துக்கு முறிவு கேட்டும் வருவார்கள். இரண்டு பேரையும் அப்பா திருப்பி அனுப்பிவிடுவார். பெண்கள்மேல் பழி போடுவதற்கு வசதியான பேச்சு அது என்பது என் அபிப்பிராயம். ஆனால் சொல்லின் தடம் நமக்கு வேண்டும்: வசியம் செய்வதும் மருந்து, குணப்படுத்துவதும் மருந்து, கொல்வதும் மருந்து.

மற்ற மொழிகளை வேகமாகத் தாண்டிப் போகிறேன். ஜெர்மனில் விஷத்துக்குப் பெயர் ‘கிஃப்ட்’. ஆங்கிலத்தில் பரிசு என்கிறோமே, அதே வேர். ‘கொடுப்பது’ என்று பொருள். வரதட்சிணைக்கு இன்றும் அவர்கள் ‘மிட்கிஃப்ட்’ என்கிறார்கள். வைத்தியர் கொடுக்கும் ஒரு வேளை மருந்தைக் கிரேக்கர்கள் ‘கொடுப்பது’ என்று சொன்னதைப் பார்த்து இப்படி ஆனது என்கிறார்கள். இன்றைய பிள்ளைகள் வாயைத் திறந்தால் சொல்லும் ‘டாக்ஸிக்’, கிரேக்கத்தில் வில்லைக் குறிக்கும் ‘டாக்ஸோன்’ என்பதிலிருந்து வந்தது. அம்பு நுனியில் தடவும் சரக்கு என்பது அதன் முதல் பொருள். வில் போய்விட்டது, தடவிய சரக்கு மட்டும் நின்றுவிட்டது.

நம் ஊரில் இதே வழியில் வந்த இன்னொரு சொல் பாஷாணம். வடமொழியில் ‘பாஷாணம்’ என்றால் வெறும் கல். சித்த வைத்தியத்தில் மண்ணிலிருந்து எடுக்கும் கடுமையான சரக்குகளைப் பாஷாணம் என்று வகைப்படுத்தி, பிறவிப் பாஷாணம் 32, வைப்புப் பாஷாணம் 32 என்று 64 கணக்குச் சொல்வார்கள். பிறவி என்றால் இயற்கையில் கிடைப்பது, வைப்பு என்றால் செய்து எடுப்பது. பழனி மலையில் போகர் செய்ததாகச் சொல்லும் நவபாஷாணச் சிலை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் தெருவில் போகிறவரிடம் பாஷாணம் என்றால் என்ன என்று கேளுங்கள், கல் என்று ஒருவரும் சொல்லமாட்டார், எலிப்பாஷாணம் என்பார். பானம், பரிசு, வில், கல் என்று பாவமறியாத சொற்கள்தான் ஒவ்வொன்றாக இந்த வேலைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பயமான பொருளை நேராகப் பெயர் சொல்ல மனிதனுக்கு நாக்கு எழுவதில்லை என்பதுதான் இதற்கு நான் கண்ட காரணம். இருட்டிய பிறகு பாம்பு என்று சொல்லாமல் ‘பூச்சி’ என்பதும், உள்ளதிலேயே பயங்கரமானதை ‘நல்ல பாம்பு’ என்பதும் அதே பயம்தான். எங்கள் கடையில் வசம்பைக்கூட விளக்கு வைத்த பிறகு பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். ‘பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க’ என்பார்கள்.

சரி, உங்கள் நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். விஷம் வடசொல்தான், அதில் சந்தேகமே இல்லை. அதற்கு உலகம் முழுக்கச் சொந்தக்காரர்கள் உண்டு: லத்தீனில் ‘வீருஸ்’, கிரேக்கத்தில் ‘ஈயோஸ்’. மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்பதில் மொழியறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. அந்த ‘வீருஸ்’தான் 2020இல் நம்மை வீட்டுக்குள் அடைத்த ‘வைரஸ்’. நோய்க்கிருமிக்குப் பெயராக ஆவதற்கு முன்னால் அதற்கு விஷம் என்றுதான் பொருள். தமிழில் அதை ‘நச்சுயிரி’ என்று எழுதியவர்கள் வேரைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஊரில் பரவுகிற காய்ச்சலை ‘விஷக்காய்ச்சல்’ என்று பாட்டிமார்கள் சொன்னதும், வைரஸ் காய்ச்சல் என்று டாக்டர் சொல்வதும் வேரளவில் ஒன்றுதான். பாட்டிக்கு லத்தீன் தெரியாது. இது தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல்.

வடசொல் என்பதாலேயே அது அந்நியம் ஆகிவிடாது. ‘ஷ’வை ‘ட’வாக மாற்றி விடம் என்று தமிழாக்கிக்கொள்வது நம் இலக்கணம் அனுமதித்த முறை, வருஷம் வருடம் ஆனது போலத்தான். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோளறு பதிகத்தைத் தொடங்கும்போதே ‘விடம் உண்ட கண்டன்’ என்கிறார். மதுரைக்குப் போக வேண்டாம், நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தபோது பாடியது என்பது மரபு. 1300 வருடத்துக்கு மேலாக நம்மோடு குடியிருக்கும் சொல்லை இன்றைக்கு வாசலில் நிறுத்தி ஊர் எது என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் நஞ்சு என்ற சொல்லின்மேல் எனக்கு உள்ள பிரியம் வேறு. அது திராவிடச் சொல். மலையாளத்திலும் உண்டு, கன்னடத்திலும் உண்டு. மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூடு என்று ஊர் இருக்கிறது. அங்கே சிவனுக்குப் பெயர் நஞ்சுண்டேஸ்வரர். சங்கப் பாட்டிலேயே இந்தச் சொல் வந்துவிட்டது. முன்னால் உட்கார்ந்து நண்பர்கள் கொடுத்தால் ‘நஞ்சும் உண்பர் நனி நாகரிகர்’ என்கிறது நற்றிணையின் 355ஆம் பாட்டு. வேறு எதையோ குறித்துக்கொண்டிருந்து பிறகு இந்தப் பொருளுக்கு வந்த சொல் என்று காட்டுவதற்குச் சான்று கிடையாது. கிடைத்த இடத்திலெல்லாம் அது கொல்லும் பொருளாகவே நிற்கிறது. ‘நைதல்’ என்பதிலிருந்து, உடம்பை நைய வைப்பதால் நஞ்சு என்று வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. நைந்துபோன சேலையை ‘நஞ்சு போச்சு’ என்று நம் பக்கத்தில் சொல்வதைக் கேட்டால் அது பொருத்தமாகத்தான் தோன்றும். வகுப்பில் நானே சில வருடம் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிறகு நிறுத்திவிட்டேன். ஒலி பொருந்துகிறது என்பது மட்டும் ஒரு சொல்லின் பிறப்புச் சான்றிதழ் ஆகாது.

ஒலி எப்படி ஏமாற்றும் என்பதற்கு இந்தச் சொல்லை விட நல்ல பாடம் இல்லை. நஞ்சு இன்னொரு சொல்லோடு சேரும்போது நச்சு ஆகிவிடும்: நச்சுமரம், நச்சுப்பாம்பு, நச்சுப்புகை. இரும்பு இருப்புப்பாதை ஆவது போல, மருந்து மருத்துவம் ஆவது போல. இதைத் தவிர தமிழில் ‘நச்சுதல்’ என்று இன்னொரு சொல் தனியாக உண்டு. அதற்கு விரும்புதல் என்று பொருள். ‘நசை’ என்பதன் உறவு. இந்த இரண்டையும் ஒரே குறளில் எதிரெதிராக உட்கார வைத்திருக்கிறார் வள்ளுவர். 1008ஆம் குறள்: ‘நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று.’ முதல் நச்சு விருப்பம், இரண்டாவது நச்சு விஷம். யாராலும் விரும்பப்படாதவனிடம் சேர்ந்த பணம், ஊர் நடுவில் விஷமரம் பழுத்து நிற்பதைப் போல. எட்டி பழுத்தால் என்ன, ஈயாதார் வாழ்ந்தால் என்ன என்று கிராமத்தில் சொல்வது இதே கருத்துதான். இந்தக் குறளை நடத்தும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதற்காகவே ஒவ்வொரு வருடமும் காத்திருப்பேன். நம் மதுரைக்காரரான உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பெயரில் இருப்பதும் விருப்பம்தான். தன்னை விரும்பினவர்களுக்கு இனியவர் என்று பொருள். ‘சார், அவர் பேரில் ஏன் விஷம் இருக்கு?’ என்று கேட்காத வகுப்பே எனக்கு வாய்த்ததில்லை. லத்தீன் வெனேனும் காதலிலிருந்து விஷத்துக்குப் போனது என்பதால், தமிழ் நச்சும் விருப்பத்திலிருந்து விஷத்துக்குப் போயிருக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். தமிழில் அவை இரண்டு வேறு சொற்கள், வடிவம் மட்டும் ஓரிடத்தில் மோதுகிறது. அதேபோல உங்களிடம் வரும் விவசாயிகள் சொல்லும் நஞ்சை நிலத்துக்கும் நஞ்சுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது நன்செய், நல்ல வயல்.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எழுதும்போது ஆலவாயைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் ஊரின் பழைய பெயர்களில் ஒன்று திருஆலவாய். ‘ஆலம்’ என்றால் விஷம். ஆலகால விஷம் என்கிறோமே அந்த ஆலம். ஆலவாய் என்றால் விஷத்தை வாயில் உடையது, அதாவது பாம்பு. ஊரின் எல்லை அழிந்துபோனபோது சிவபெருமான் தன் கையில் இருந்த பாம்பை விட்டு எல்லை காட்டச் சொன்னார், அது வாலை வாயால் கவ்வி வட்டமாக ஊரைச் சுற்றிக் காட்டியது என்பது திருவிளையாடற் புராணத்தில் பரஞ்சோதி முனிவர் பாடும் கதை. அதே புராணத்தில் மதுரை என்ற பெயருக்குச் சொல்லும் காரணம் நேர் எதிர். சிவனின் சடைப் பிறையிலிருந்து அமுதம் தெளித்து ஊர் மதுரமானது. பாம்பு வடிவில் வந்த அசுரன் கக்கிய விஷம் ஊரில் பரவியபோதும் அமுதத்துளி விழுந்துதான் அது தணிந்தது. அந்தப் பாம்புதான் மேற்கே நீண்டு கிடக்கும் நாகமலை. ஒரே ஊருக்கு ஒரு பெயரில் விஷம், ஒரு பெயரில் அமுதம். கதையாகக் கேட்க எனக்கு இதைவிட இனியது இல்லை. ஆனால் சொல்லாராய்ச்சி என்று வரும்போது இதைச் சான்றாக வைக்க முடியாது. ஆலவாய்க்கு ஆலமரத்தை வைத்தும் விளக்கம் சொல்கிறார்கள். அழகர்மலைக் குகையில் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்தில் ஊர்ப் பெயர் ‘மதிரை’ என்றுதான் இருக்கிறது. பெயர் முதலில் இருந்தது, விளக்கம் பின்னால் வந்தது என்பதே என் எண்ணம்.

இனி உங்கள் பலகை. இவ்வளவு சொன்ன பிறகு நான் நஞ்சு என்று எழுதச் சொல்வேன் என்று உங்கள் நண்பர் எதிர்பார்ப்பார். சொல்லமாட்டேன். காரணம், கிராமத்தில் நஞ்சு என்ற சொல்லுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. மாடு கன்று போட்டால் ‘நஞ்சு விழுந்துருச்சா?’ என்று கேட்பார்கள். நஞ்சுக்கொடி. பிள்ளைப்பேற்றிலும் அதே பேச்சுதான். உள்ளே தங்கினால் தாய்க்கு விஷமாகிவிடும் என்பதால் அந்தப் பெயர் என்று மருத்துவச்சிகள் சொல்வார்கள். உங்கள் கிட்டங்கியில் மூட்டை இறக்க வரும் பெண்களுக்கும், மாடு வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் நஞ்சு என்றால் காதில் முதலில் விழுவது அந்தக் கொடிதான். விஷம் என்ற பொருளில் அது புத்தகத்தில்தான் உயிரோடு இருக்கிறது. பேச்சில் இருப்பது ‘வெசம்’. வெசம் ஏறும், வெசம் இறங்கும், வெசம் முறியும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தையும், படிக்கத் தெரியாமல் இன்னொருவர் படிக்கக் கேட்கிறவரும் ஒரு நொடியில் பின்வாங்கும் சொல் அதுதான். எச்சரிக்கைப் பலகைக்கு அந்த ஒரு நொடிதான் முக்கியம்.

ஆகவே நடுவில் பெரிய எழுத்தில் ‘விஷம்’ என்று எழுதுங்கள். அதற்கு மேலே மண்டையோடும் குறுக்கெலும்பும். படம் படிக்காதவருக்கும் புரியும். ‘பூச்சிமருந்து’ என்று மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள். மருந்து என்று எழுதத்தான் வேண்டுமென்றால் காயுஸ் சொன்ன மாதிரி பக்கத்திலேயே ‘விஷம்’ என்று சேர்த்து எழுதுங்கள். டப்பாக்களில் உள்ள முக்கோணத்தையும் பலகையில் வரைந்து விளக்கிவிடுவது நல்லது. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி மிகக் கடுமையானதற்குச் சிவப்பு முக்கோணம், அதற்கு அடுத்ததற்கு மஞ்சள். இந்த இரண்டிலும் ‘பாய்சன்’ என்ற சொல் சிவப்பில் இருக்கும். நீலத்தில் ‘டேஞ்சர்’, பச்சையில் ‘காஷன்’ என்று இருக்கும். பாய்சன் என்று எழுதவில்லை என்பதற்காகப் பச்சை முக்கோண டப்பாவைச் சோறு வைக்கும் அலமாரியில் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாலுமே உடம்புக்குள் போகக் கூடாதவை என்று வாயால் சொல்லுங்கள். காலி டப்பாவைத் தண்ணீர் மோக்கக் கொடுக்காதீர்கள்.

கடையில் மருந்து வாங்குகிறவர்களிடம் இன்னும் ஒன்று சொல்லி அனுப்புங்கள். யாராவது மயங்கினால், தெரியாமல் குடித்துவிட்டால், ஆஸ்பத்திரி வாசலில் முதல் வார்த்தையாக ‘விஷம்’ என்று சொல்லச் சொல்லுங்கள், கையோடு அந்த டப்பாவையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். பாம்பு கடித்திருந்தால் பூச்சி என்று சொல்லாமல் பாம்பு என்றே சொல்லட்டும், ராத்திரியாக இருந்தாலும் சரி. பலகையின் கீழ் ஓரத்தில் 108 என்று எழுத இடம் விட்டுவிடுங்கள்; கதவு திறந்திருக்கும்போதும் தெரிகிற பக்கமாகப் பார்த்து எழுதுங்கள்.